நான்காம் கம்பத்துக் கேபிள்

காப்பி கொஞ்சம் ஆறிவிட்டது, மன்னியுங்கள். காவல் துறையிலிருந்து ஆள் வருவது தெரிந்திருந்தால் வாஃபிளும் சுட்டு வைத்திருப்பேன். ஐலிஃபைத் தேடுகிறீர்கள். ஈஸ்டருக்கு மலைக்குடிலில் அக்காவோடு இருக்க வேண்டியவர் போய்ச் சேரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. அக்கா அழுதாள் என்று சொன்னீர்கள். கேட்க எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன், சுன்னிவா. ஆனால் முதலில் கேபிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. உட்காருங்கள்.

நான் இங்குன், பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹமார் ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் என் கை போயிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இந்தக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். தலைவி துரிட் என்னிடம் நிலவறை கராஜை ஒப்படைத்தாள். மின்கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. வேறு யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் கராஜில் கம்பம் பொது, கேபிள் அவரவர் சொந்தம். ஒரு முனையைக் கம்பத்தில் செருகி மறுமுனையைக் காரில் செருக வேண்டும். காரைப் பூட்டினால் இரண்டு முனையும் கவ்விக்கொள்ளும். காரைத் திறந்தால் ஒழிய யாராலும் உருவ முடியாது. செம்புக்காகக் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் இருப்பதால் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த 'க்ளிக்' சத்தத்தைக் கேட்டால் பொய்ப்பல் சரியாகப் போய் உட்கார்ந்த மாதிரி ஒரு நிம்மதி.

கழற்றிய பிறகு கேபிளைச் சுருட்ட வேண்டும். அங்கேதான் மனிதனின் குணம் தெரியும். கேபிளுக்கு ஞாபகம் உண்டு. ஒரு வளையம் இப்படி, அடுத்த வளையம் அப்படி என்று மாற்றி மாற்றி விட்டால் அது சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். ஐலிஃப் என்ன செய்வார் தெரியுமா? உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகப் போட்டு முறுக்குவார். உள்ளே இருக்கும் கம்பிகள் என்ன பாடுபடும் என்று ஒரு நாளாவது நினைத்தாரா? முனையில் மாட்டுகிற ரப்பர் மூடியை மாட்டவே மாட்டார். பனி உருகித் தேங்கிய தண்ணீரில் கேபிள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இதெல்லாம் போதாதென்று, காரில் சார்ஜ் நிறைந்த பிறகும் நாள் முழுக்க நான்காம் கம்பத்திலேயே செருகி வைத்திருப்பார்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்குச் சின்ன வயது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அவர் செய்வது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்தூக்கியில் ஒன்றாக ஏறினால்கூட அவர் கதவைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். அப்படி எவ்வளவோ காலம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுப்பானேன்? முறைப்படி அறிவிப்புப் பலகையில் பெயர் போடாமல் எழுதி ஒட்டினேன். 'கேபிளைத் தரையில் போடுகிறவர் கவனிக்கவும்' என்று. ஒரு நாள் நான் நிற்கும்போதே அதைப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தார்.

"யாரு எழுதினாங்களோ, சரியாத்தான் எழுதியிருக்காங்க, இங்குன். சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் உறைக்கவே உறைக்காது."

சொல்லிவிட்டுத் தன் கேபிளைத் தாண்டிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. நேரே மேலே போய் ஒரு தட்டு ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டேன். இவருக்குச் சொன்னால் ஏறாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இந்த வருடம் ஈஸ்டர் தள்ளி வந்ததால், பனி விலகியதும் எல்லோரும் சேர்ந்து குடியிருப்பைச் சுத்தம் செய்கிற கூட்டுப்பணியை, மலைக்குக் கிளம்பும் நாள் காலையிலேயே வைத்தோம். அதற்கு வராதவர்களைப் பற்றி இங்கே என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஐலிஃப் முதல் ஆளாக ரப்பர் காலணியோடு வந்து நின்றார். அவருக்குக் கேபிள் வேலை என்று சொன்னேன். எப்படிச் சுருட்டுவது என்று காட்டப் போகிறேன், கேபிளை மாட்டுகிற கொக்கி உடைந்துவிட்டது, அதனால் கொஞ்ச நேரம் நீங்கள் கம்பத்தோடு ஒட்டி நின்றால் போதும் என்றேன். கூட்டுப்பணியில் ஒரு வேலை கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

தோளிலிருந்து ஆரம்பித்தேன். நல்ல நீளமான கேபிள், தடிமனானது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் முழங்கால் வரைக்கும் வந்தது. ஒரு முனை கம்பத்தில், மறுமுனை அவர் காரில். அவர் சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்துக் காரைப் பூட்டினேன். 'க்ளிக்.'

"இது எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"கார் நிறையற வரைக்கும்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நியாயமான பதில்தானே.

மற்றவர்கள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். கராஜைக் கூட்டிப் பெருக்கியவர்கள் அவரைச் சுற்றிப் பெருக்கினார்கள். துரிட் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைக் கொண்டுவந்து அவர் வாயிலேயே ஊட்டினாள்.

"உங்க வேலை பரவாயில்ல, நின்னா போதும். எனக்குப் பாருங்க, சாக்கடைய அள்ளுன்னு விட்டுட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

ஐலிஃப் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, துரிட் போன பிறகு, "இங்குன், போதும்னு நினைக்கிறேன். எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். என்ன புரிந்தது என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புரிந்துகொள்ளாத ஒருவரை அவிழ்த்துவிடுவதில் என்ன பிரயோஜனம்? இரண்டு நாளில் பழையபடி முழங்கையில் முறுக்குவார்.

மதியத்துக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். ஈஸ்டருக்கு மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் என்ன ஏதென்று நாலு பேர் கேட்பார்கள். கராஜில் ஹீட்டர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் போனேன். குடிலில் பனியில் உட்கார்ந்து ஆரஞ்சு சாப்பிட்டேன், ஈஸ்டர் வழக்கப்படி எல்லோரையும் போல ஒரு துப்பறியும் நாவல் படித்தேன். காணாமல் போன ஒருவனைப் பற்றிய கதை. கடைசியில் குற்றவாளி ஒரு பல் மருத்துவர். நம்பும்படி இல்லை, பாதியில் மூடிவிட்டேன்.

நேற்றுத் திரும்பி வந்தபோது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி கைய்ர் பனிச்சறுக்குக் கட்டையை மறந்துவிட்டு நடுவில் ஒரு தடவை வந்து போயிருக்கிறார். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். 'நான்காம் கம்பத்தில் ஆளை வைத்திருப்பவர் கவனத்துக்கு. பொது இடத்தில் சொந்தப் பொருட்களை வைக்கக் கூடாது என்பதை நினைவூட்டுகிறோம்.' கீழே வேறு யாரோ 'நன்றி' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் விதியை மீறுகிறவள் இல்லை. இன்றைக்குள் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், நீங்கள் வந்து மணியடித்துவிட்டீர்கள்.

ஆமாம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஓட வேண்டாம், மின்தூக்கியே நிலவறை வரைக்கும் போகும். காலையில் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணை மூடி மூடித் திறந்தார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கார் எப்போதோ நிறைந்துவிட்டது. ஒரு சுற்றுகூடத் தளரவில்லை.

சாவி அதோ, என் சாவிக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்குகிறது. எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கொண்டு போங்கள், பாவம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவிழ்த்த பிறகு கேபிளைத் தரையில் போட்டுவிடாதீர்கள்.

கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், சுன்னிவா. ஐலிஃபின் அக்காவிடமும் அப்படிச் சொல்ல வேண்டாம். இந்தக் குடியிருப்பில் கேபிளைப் பற்றி அவரிடம் நேரில் பேசிய ஒரே ஆள் நான்தான். வேண்டாம், அவிழ்த்துவிடு என்று அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அந்த நிமிடமே திறந்துவிட்டிருப்பேன். நான் கிளம்பும்வரை அவர் கத்தவில்லை. கைய்ர் வந்தபோதும் கத்தவில்லை. காலையில் நானே கேட்டேன், அப்போதும் பதில் இல்லை. மலைக்குக் கிளம்பும் முன் என் பழைய வேலைப் பழக்கத்தில் அவரை வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லி, அவர் ஒரு நாளும் மாட்டாத அந்த ரப்பர் மூடியை மாட்டிவிட்டிருந்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.