கையைப் பார்த்து ஓட்டியவன்

டீசல் வண்டியைக் குளிர்ந்த காலையில் அவசரப்படுத்தக் கூடாது. பழைய வண்டி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஹீட்டர் சுவிட்சை அழுத்திக்கொண்டு இருபது எண்ண வேண்டும். பதினெட்டில் விட்டால் புகைதான் வரும். இருபத்திரண்டுக்குப் போனால் பேட்டரி சோர்ந்துவிடும். இருபதில் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரைக் கால் கட்டைவிரலால் தொட வேண்டும். மிதிக்கக் கூடாது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தேன் என்று இல்லை, யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரிடம், அது கைப்பழக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான் சார்.

என் பெயர் மாரீஸ்வரன். வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் ஜீப் ஓட்டினேன். சுவக்கீன் இறந்தது மூன்று வாரம் முன்பு, ஏணிப்பாறையில். விபத்து என்று நீங்கள் மகசர் எழுதினீர்கள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. வண்டி சாய்ந்தது, அவன் அடியில் சிக்கினான். ஏன் சாய்ந்தது என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

அந்த வண்டி எண்பத்தேழாம் வருட ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். டாக்டரை ஏற்றியிருக்கிறேன், உரமூட்டை ஏற்றியிருக்கிறேன், மழையில் பிரசவத்துக்கு ஆள் ஏற்றியிருக்கிறேன். அதற்குச் சில குணங்கள் உண்டு. மூன்றாவது கியர் இறக்கத்தில் தானாக நழுவும்; முழங்காலால் அணைத்துக்கொள்ள வேண்டும். வலதுபக்கக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் திறக்கும். ஸ்டியரிங்கில் மூன்று விரல் ஆட்டம் இருக்கும். வளைவு வருவதற்கு முன்பே ஒடிக்கத் தொடங்க வேண்டும். வேறு யார் ஏறினாலும் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். என் கல்யாணத்தன்று, தாலி கட்டிய கையோடு மேனேஜர் ஆள் அனுப்பினார், வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது என்று. மாலையோடு போய் எடுத்துக் கொடுத்தேன். கற்பகம் அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

கம்பெனி கைமாறியதும் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கற்பகம் பலமுறை கேட்டாள். என்னைத் தவிர யாராலும் எடுக்க முடியாத வண்டியை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்க ஆளில்லாமல் கடைசியில் என்னிடமே வரும் என்று நினைத்தேன்.

சுவக்கீன் கேட்டான்.

அவனும் நானும் ஒரே லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். அவன் கொழுந்து லாரி ஓட்டினான். நான் பேசாத இடத்தில் அவன் பேசுவான். மனைவி இறந்த பிறகும் சிரிப்பை விடாத மனிதன். ஏலம் முடிந்து, எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டுச் சொன்னான்:

"வண்டி என் பேர்ல கெடக்கட்டும் மாரி. வைத்தியம் உன் பேர்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவனுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. மொட்டைப்பாறைக்கு மேலே மேகம் பார்க்க வருகிறவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். சாதாரண வண்டி அங்கே ஏறாது. பழைய ஃபோர் வீல் ஜீப்பைச் சரியாகத் தூக்கி நிறுத்தினால் அவனுக்கும் அவன் மகள் சோனாவுக்கும் பிழைப்பு. எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றான். பங்கை ஒழுங்காகக் கொடுத்தான். அதில் அவன்மேல் ஒரு குறையும் இல்லை.

ஒவ்வொன்றாக மாற்றினோம். மாற்றினோம் என்றால், அவன் வாங்கி வந்தான், நான் மாட்டினேன். பின் அச்சைத் திறந்தபோது உள்ளே க்ரௌன் பற்சக்கர ஆயில் பால் போல வெளுத்திருந்தது. பத்தொன்பது வருடம் ஓடைகளில் இறங்கிய தண்ணீர். கழுவி, சீல் மாற்றி, மூச்சு விடும் குழாயை ஆற்றுமட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினேன். அது நல்ல வேலை. பிறகு கியர்பாக்ஸ். மூன்றாவது கியர் நழுவுவது நின்றது. பிறகு ஸ்டியரிங் பாக்ஸ். மூன்று விரல் ஆட்டம் போய்விட்டது. கதவுக்குப் புதுக் கீல். நான் அணைத்துப் பிடித்த முழங்காலுக்கும், தூக்கித் திறந்த கைக்கும் வேலை இல்லாமல் போனது. என் கையாலேயே போனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வண்டிக்கு நல்லதுதானே.

கடைசியில் புது செல்ஃப் மோட்டாரும் ஹீட்டர் பிளக்குகளும் வந்தன. மாட்டி முடித்ததும் சுவக்கீன் சோனாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தான். அவள் அதுவரை எந்த வண்டியையும் எடுத்ததில்லை. எண்ணவில்லை, கட்டைவிரல் வைக்கவில்லை. திருப்பினாள். உடனே எடுத்தது. லயத்து ஆட்கள் கை தட்டினார்கள். நான் கிரீஸ் துடைத்த துணியை நாலாக மடித்து வைத்தேன்.

அன்று சாப்பிடும்போது கற்பகத்திடம், எனக்கு அதில் பொறாமை ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அவள்.

சோனா வண்டியைப் படம் பிடித்து போனில் போடுவாள். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் பார்த்துவிட்டு வருவார்கள். வந்தவர்கள் சுவக்கீனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படங்களில் நானும் இருக்கிறேன். நட்டு முறுக்குகிற கை, பாறையில் காட்டுகிற கை. முகம் வந்த படம் ஒன்றும் இல்லை. அவள் வேண்டுமென்று செய்தவள் இல்லை.

இப்போது கை காட்டுவது பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் புரிய வேண்டிய இடம் அதுதான்.

செங்குத்தான பாறையில் ஏறும்போது பானெட் எழுந்து கண்ணை மறைத்துவிடும். டிரைவருக்கு வானம் மட்டும் தெரியும். அதனால் ஒருவன் இறங்கி, மேலே நின்று கை காட்டுவான். உள்ளங்கையை அசைத்தால் வா. விரலை நீட்டினால் அந்தப் பக்கம் ஒடி. முஷ்டி என்றால் நில். டிரைவர் பாதையைப் பார்க்க முயலக் கூடாது. கையை மட்டும் பார்க்க வேண்டும். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் இதற்கு மாற்று கிடையாது. கையை நம்பாதவன் பாறைக்கு வரக் கூடாது என்பார்கள். கையைச் சரியாகப் பார்க்க, எல்லா டிரைவரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியே தலையையும் தோளையும் வெளியே நீட்டுவார்கள். சுவக்கீனும் அப்படித்தான்.

மற்றதெல்லாம் போன பிறகும் அது எனக்கு இருந்தது. எந்தக் கடையிலும் அதற்கு மாற்றுப் பொருள் விற்கவில்லை. மொட்டைப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கும் ஏணிப்பாறையில் அந்த வண்டி என் கைக்குத்தான் ஏறியது. அவன் வெறும் சக்கரம் பிடித்தான்.

ஒரு புதன்கிழமை, ஸ்டாண்ட் டீக்கடையில் சுவக்கீன் சொன்னான், அடுத்த மாதத்திலிருந்து சோனா கை காட்டுவாள் என்று. நான் காட்டுவதை வருடக்கணக்காகப் படம் பிடித்தே அவள் படித்துவிட்டாளாம். பக்கத்தில் இருந்த டிரைவர் வீரபாண்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாரியண்ணே, கைக்குப் பென்சனா?"

"பென்சன் இல்லடா, லீவு" என்றான் சுவக்கீன். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு முட்டி வலிக்குதுல்ல. பாறையில நீ எறங்குறதப் பாத்தா எனக்குத்தான் பயமாக் கெடக்கு மாரி. பின்னால ஏறிச் சும்மா உக்காந்து வா."

அன்பாகத்தான் சொன்னான். என் முட்டி வலிப்பது உண்மை. நான் சரி என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் வீரபாண்டி பைக்கை நிறுத்தி, கிண்டலைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான். தப்பாக எடுக்கவில்லை என்றேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் புது ஸ்பிரிங் பட்டைகளும் பெரிய டயரும் மாட்டி வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினோம். உயர்த்தினால் கல்லில் வயிறு தட்டாது. ஆனால் சாய்ந்தால் திரும்பாது. உயர்த்திய வண்டிக்குப் பழைய சாய்வு செல்லாது என்று எனக்குத் தெரியும். நான்தானே மாட்டினேன். அவனிடம் சொல்ல நினைத்தேன். அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆட்களை ஏற்றும் முன் ஒருமுறை ஏற்றிப் பார்ப்போம் என்று நாங்கள் இருவர் மட்டும் போனோம். சோனா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். மழை ஓய்ந்து நாலு நாள். பாறை காய்ந்திருந்தது. அடியில் நிறுத்தி அவன் ஃபோர் வீல் போட்டான். நான் இறங்கி மேலே ஏறி நின்றேன்.

இடத்தை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். ஏணிப்பாறையின் பாதியில் வலது ஓரம் உடைந்திருக்கும். கீழே ஒன்றரை ஆள் பள்ளம், உண்ணிச்செடிப் புதர். வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வண்டியைச் சுற்றிப் போட்ட கூண்டுக்கம்பி தாங்கும். இடது பக்கமும் ஒரு சரிவு உண்டு, அது வேண்டாம் என்று விட்டேன். பேட்டரி அந்தப் பக்கம் இருக்கிறது. ஓடையில் இறங்கும்போது என்ஜின் மூச்சு விடப் புதிதாக வைத்த ஸ்நார்க்கல் குழாயும் அந்தப் பக்கம். டிரைவர் உட்காருவது வலது பக்கம். யோசித்துத்தான் செய்தேன் சார். கோபத்தில் செய்த காரியம் என்று எழுத வேண்டாம்.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். தலையை வெளியே நீட்டி என் கையைப் பார்த்தான். நான் உள்ளங்கையை அசைத்தேன். ஏறி வந்தான். அழகாக ஏறியது. பாதியில் அவனுடைய வலது பக்கமாக விரலை நீட்டினேன். ஒடித்தான். இன்னும் என்றேன். ஒடித்தான். அவன் ஒரு நொடி தயங்கியதுபோல இருந்தது. பாறை அவனுக்கும் பழகிய பாறை அல்லவா. கண்ணைக் கீழே இறக்கியிருந்தால் பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். இறக்கவில்லை. என் கையையே பார்த்தான். நான் இன்னும் என்றேன்.

வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவு.

முதலில் போய் என்ஜினை நிறுத்தினேன். சாய்ந்த வண்டியில் ஓடவிட்டால் ஆயில் மேலே ஏறிவிடும். சாவியை எடுக்கும்போது அவன் என்னைப் பார்த்தான். மார்புக்குக் கீழே வண்டி கிடந்தது. பேச முடிந்தது.

"என் தப்பு மாரி. நீ சரியாத்தான் காட்டின. நான்தான் கூட ஒடிச்சிட்டேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"சோனாகிட்டச் சொல்லு. மாமா கையில தப்பில்லன்னு."

வண்டியின் முன்னால் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் இருந்தது. போன ஓணத்துக்கு நான் மாட்டியது. எதிரில் பலா மரம். கம்பியைக் கட்டி இழுத்தால் வண்டி நாலு நிமிடத்தில் எழுந்திருக்கும். மகசரில் வின்ச் வேலை செய்யவில்லை என்று இருக்கிறது. அதுகூட நான் சொன்னது இல்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் பேசாமல் இருந்தேன். நீங்களே எழுதிக்கொண்டீர்கள்.

அங்கேயும் அப்படித்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மேகம் ஏறி வந்து எங்களை மூடியது, விலகியது. அவன் இரண்டு தடவை என் பெயரைச் சொன்னான். மூன்றாவது தடவை இல்லை. பிறகு கீழே இறங்கி, கொழுந்து பறிக்கிறவர்களைக் கூப்பிட்டேன்.

சோனாவிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்று குழிக்குப் பக்கத்தில் என்னைத்தான் நிறுத்தினாள். எனக்குத் தூக்கம் கெடவில்லை, சாப்பாடு குறையவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

நேற்று கொல்லங்கோட்டிலிருந்து அப்புசாமி என்று ஒருவர் வந்தார். பழைய ஜீப்புகளை வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர். சோனா அந்த வண்டியை இனிக் கண்ணால் பார்க்க முடியாது என்று அவருக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து விடுவிக்கிறார்களாம். மரியாதையான மனிதர். வீடு தேடி வந்து கேட்டார்.

"ஏனுங்க, வண்டீல ஏதாச்சும் ரகசியத் தொந்தரவு இருக்குதுங்களா? உங்களுக்குத்தான் தெரியுமுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க."

யோசித்துப் பார்த்தேன். கியர் நழுவாது. கதவு ஒட்டாது. ஸ்டியரிங் ஆடாது. சொல்ல ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். என்ஜினை இறக்கிவிட்டு வேறு என்ஜின் வைக்கப் போவதாகச் சொன்னார். கொல்லங்கோடு பக்கம் சேற்றில் ஓட்டுவார்களாம். அவருக்குக் கை காட்ட ஊரில் நல்ல ஆள் இருக்கிறாராம்.

அவர் போன பிறகு, வண்டிப்பெரியாரில் எனக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தாவிடம் ஒன்று கேட்டேன். விபத்துக் கேஸ் என்றால் வண்டியைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், கொலைக் கேஸ் என்றால் அதுவே தொண்டிமுதல், கோர்ட்டுக்கான சாட்சிப்பொருள், தீர்ப்பு வரும்வரை ஸ்டேஷனில்தான் கிடக்கும், ஏழெட்டு வருடம்கூட ஆகும் என்றார். அதனால்தான் இன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். சுவக்கீனை நான்தான் கொன்றேன், தெரிந்தே, கையைக் காட்டி. பொறாமையால் இல்லை. அதையும் எழுதுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். நான் போட்டதும், சிரமம் பார்க்காமல் அந்தக் கொல்லங்கோட்டுக்காரருக்கு நீங்களே போன் செய்து, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.