மணிக்கு நீட்டிய கம்பி

ஐப்பசியில் நெல்லைக் காயவைப்பது, தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது மாதிரி. கண்ணை எடுக்க முடியாது. வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்க வேண்டும், தூறல் விழுந்தால் ஓடி மூட வேண்டும். ஈரம் கூடிப்போனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். பூதலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல, இன்ஸ்பெக்டர் மேடம். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அங்கிருந்துதான் தொடங்க வருகிறது.

என் கணவர் வேதநாயகம் போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது. இடது கை விரல்கள் மட்டும் அசையும். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பொத்தான், அடுக்களையில் ஒரு மின்மணி, நடுவில் இரண்டு பேட்டரி என்று நானே அமைத்துக் கொடுத்தேன். ஊரே மெச்சியது. தொண்டையில் சளி அடைத்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தாமதித்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதற்காகத்தான் மணி.

ஆனால் ஈ உட்கார்ந்தாலும் மணி அடித்தது. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் மணி, மெதுவாகச் சுற்றினால் மணி. சில சமயம் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வருகிறேனா என்று பார்த்திருக்கிறார். உடம்பு நன்றாக இருந்த காலத்திலும் தட்டில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவார், எல்சி என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அந்தச் சத்தம்தான் ஆகவில்லை.

குறுவை நெல்லை வீட்டுக்கு எதிரே, சாலை தாண்டி, கொள்முதல் நிலையத்துத் திடலில் கொட்டியிருந்தோம். எங்கள் முறை வரும்வரை குவியலருகே நான் இருந்தாக வேண்டும். பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். மணியையும் அங்கே கொண்டுபோகக் கம்பியை நீட்ட வேண்டியிருந்தது. வகுப்புச் சோதனைக்கு வாங்கிய மெல்லிய கம்பி வீட்டில் மிச்சம் கிடந்தது. பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் காட்டுவேன். கம்பி நீள நீள மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும், பல்பு மங்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கம்பியை அறுத்தீர்களா என்று கேட்டீர்கள். அறுக்கவில்லை, நீட்டினேன். பொத்தானை விட்டு விட்டு அழுத்தச் சொல்லிவிட்டு வாசல்வரை இழுத்துப் பார்த்தபோது மணி கணீரென்று அடித்தது. வேப்பமரத்தடிக்குப் போனதும் முனகியது. நெல் குவியலில் வைத்தபோது மணியின் சுத்தியல் மயிரளவு அசைந்து நின்றுவிட்டது, கிண்ணத்தைத் தொடவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். என்ன ஆச்சு என்று அவர் கண்ணாலேயே கேட்டார்.

"நல்லா கேக்குதுங்க," என்றேன். பாதி வாயால் சிரித்தார்.

இன்னொரு பேட்டரி சேர்த்திருந்தால் அடித்திருக்குமே என்கிறீர்கள். அடித்திருக்கும், அதுவும் பாடத்தில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் தடித்த செம்புக்கம்பிச் சுருள் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. அது மோட்டாருக்கு வாங்கியது. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்கு எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

முதல் நாள் குவியலருகே உட்கார்ந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு டீயைச் சூடு ஆறாமல் குடித்து முடித்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. சாயங்காலம் போனபோது அவர் ஈரத்திலேயே கிடந்தார். "மணி கேட்டுச்சுங்க, தார்ப்பாய் காத்துல பறந்திருச்சு, புடிச்சுக் கட்டிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு," என்றேன். நம்பினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்துக் குவியல் சகாயம்மாள் அக்கா என்னோடு பேசியதாக உங்களிடம் சொன்னது உண்மைதான்.

"என்ன எல்சி, அந்த மணியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க?"

"அடிக்குதான்னு பாக்குறேன்க்கா."

"அடிக்கலையே."

"ஆமாக்கா, அடிக்கலை."

சுத்தியல் அப்போது அசைந்துகொண்டிருந்தது. கிண்ணத்தை நோக்கி மயிரளவு வரும், திரும்பிப் போகும். முதலில் நிதானமாக இருந்தது, பிறகு அவசர அவசரமாக. ஈக்கும் மின்விசிறிக்கும் அவர் அப்படி அழுத்த மாட்டார், அது எனக்குத் தெரியும். கடைசியில் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்திருந்தார் போல, சுத்தியல் சாய்ந்தபடியே நின்றது. பிறகு பழைய இடத்துக்கு வந்தது, அதற்குமேல் அசையவில்லை. வெயில் நன்றாக இருந்தது. நெல்லை ஒருமுறை கிளறிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் அழுத்தினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணி அடித்து ஒரு தடவையாவது நான் போகாமல் இருந்ததுண்டா என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.