பெட்டிக்கு வலை

— யோவ் சுரேசு, தேனீப் பெட்டிய எதுக்குயா எறா வலையால சுத்தி வெச்சிகீற?

— நேத்து மத்தியானம் நீ உங்கம்மாவப் பாக்க சுண்ணாம்புக்குளம் போய்ட்ட. ஈங்க கும்பலா வெளிய பறந்துச்சு சந்தியா. ஓடிடப் போவுதுன்னு கட்டிட்டு ஏரிக்கு மீன் புடிக்கப் போய்ட்டேன், இப்பதான் வரேன். புடிச்ச நண்ட பையில போட்டு வாயக் கட்டாம வுடுவமா?

— அது நண்டாயா? பூவுக்குப் போய்ட்டு திரும்ப வர்ற ஜீவன். போனது உள்ள வர முடியல, உள்ள கீறது வெளிய வர முடியல. எப்படி உறுமுது பாரு. வெயில் ஏறுனா பெட்டிக்குள்ளயே வெந்து செத்துடும்.

— சரி, கத்தியக் குடு. நானே அறுத்துடறேன்.

— கிட்டயே போவாத! போன வாரம் ஒண்ணே ஒண்ணு கொட்டி தொண்ட வீங்கல? ஆட்டோல ஆஸ்பத்திரி போற வரிக்கும் நீ மூச்சு வுடறியான்னு பாத்துக்கினே வந்தேன். இன்னொரு தபா கொட்டுனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?

— கடலுக்கே பயப்படாதவன், ஒரு ஈக்கு...

— வாய மூடிக்கினு வூட்டுக்குள்ள போ. ஜன்னல சாத்து. வெளில நான் தாப்பா போட்டுக்கறேன்.

— இன்னாமே, ஜெயில்ல தள்றாப்புல தள்ற!

— தள்ளுனாதான் நீ அடங்குவ.

— மே! அறுத்துட்டியா?

— பாதி ஆச்சு. ஸ்ஸ்... கையில கொட்டிடுச்சு. முந்தானிய மூஞ்சில சுத்திக்கினுகீறேன், பயப்படாத.

— பெட்டி போனா போவுது, வந்துடு மே.

— தோ, வலைய உருவிட்டேன். யம்மாடி! புகையாட்டம் கெளம்புது. என் மேலெல்லாம் ஏறுதுங்க, செம கோவத்துல கீது. ஏன்யா, நேத்து வெளிய மாட்டிக்கினது எல்லாம் எங்க போயிருக்கும்? இங்க செத்துக் கெடக்கறது கொஞ்சம்தான்... யோவ்! இன்னா பேச்சே காணோம்? இரு, கதவத் தொறக்கறேன்.

— தொறக்காத சந்தியா. உன் மேல கீறதும் உள்ள வந்துடும். கத்தாம மெதுவாப் பேசு. ராவெல்லாம் ஜன்னல் தொறந்து கெடந்துகீது... தலைக்கு நேரா, உத்தரத்துல கொத்தாத் தொங்குதுங்க. ஒண்ணு என் கழுத்துல எறங்கி நடக்குது.