மேற்படி

— ‘வடக்கே ஆந்திர எல்லை, கிழக்கே பழவேற்காடு ஏரி. நடுவே நெல்வயல்களும், சவுக்குத் தோப்புகளும், தொழிற்சாலைகளும்.’ நம்ம ஆபீஸ் போடுற தாலுகா புக்குல அறிமுகம் இப்படி ஆரம்பிக்குது. போதுமா, தலையாரிண்ணா?

— சூப்பரா கீது, பூமிகாம்மா. எங்க நாவல்மேட்டையும் ரெண்டு வரி போடு. ஒரு ஏரி, நூறு ஏக்கரு நெல்லு, நாப்பது ஊடு. புக்கு வந்துச்சின்னா எம் பொண்டாட்டி முத்தம்மா தெருவெல்லாம் காட்டினு வருவா.

— என்னண்ணா, இன்னைக்கு ஒரே குஷியா இருக்கீங்க?

— காலைல நாலு பொக்லைன் வந்துச்சிம்மா. நாவல்மேட்டுக்கு வழி கேட்டானுங்க. எத்தினி மனு குடுத்தோம்! கடைசில ஏரிய தூர் வார வந்துட்டானுங்க. நானே வண்டில முன்னால போயி ஊரு எல்லையில உட்டுட்டு வந்தேன்.

— ஏரி வேலைன்னு ஆபீசுக்கு லெட்டர் எதுவும் வரலியேண்ணா.

— நம்ம ஆபீசுக்கு எதுதான் நேரத்துக்கு வந்துது? நீ ஊரப் போடு.

— போன வருசம் நீங்க எழுதிக் குடுத்த ஊர்வாரி லிஸ்ட்டப் பாத்துதான் போடணும். இதோ, நிலமெல்லாம் கம்பெனிக்குப் போயி காலியான பெரியகளம். ‘பயிர் இல்லை, குடியிருப்பு இல்லை.’ அதுக்குக் கீழ நாவல்மேடு...

— இன்னா போட்டுக்குது?

— ‘மேற்படி.’

— இன்னாது?

— மேற்படின்னு இருக்குண்ணா. உங்க கையெழுத்துதான். கீழ பரசுராமன்னு போட்டிருக்கீங்க.

— பன்னெண்டு ஊரும்மா. சாயங்காலத்துக்குள்ள வேணும்னு உயிர எடுத்தாங்க. மேல ஒண்ணு எழுதிட்டு, கீழ மேற்படி மேற்படின்னு இழுத்துக்கினே வருவோம். எல்லா தலையாரியும் அப்பிடித்தான். சொந்த ஊர்தானே, எனுக்குத் தெரியாதான்னு... அடிச்சிடும்மா. இப்பவே அடிச்சிட்டு நாப்பது ஊடுன்னு எழுது.

— இங்க அடிச்சிடலாம். ஆனா போன மாசமே இந்த லிஸ்ட்டு வெளிய போயிடுச்சுண்ணா. புது கம்பெனிக்கு இடம் பாக்குறவங்க, ஆளில்லாத நிலம் எங்க இருக்குன்னு கேட்டு வந்தாங்க. நான்தான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன்.

— இரு, போனு அடிக்குது. முத்தம்மாதான். இன்னாம்மே, ஏரில வேல ஆரம்பிச்சிட்டானுங்களா?

— ஏரிப் பக்கமே போவலய்யா. நாலு வண்டியும் நம்ம ஊட்டாண்ட நிக்குது. ‘இங்க யாரும் குடியில்லன்னு எழுதிக் குடுத்துகிறாங்களே, நீ யாரும்மா?’ன்னு டிரைவரு என்னியே கேக்குறான்.