தம்பி அனுப்பிய பச்சைக் கட்டம்

வேங்கிக்கால் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே ஆபீஸ்காரர்கள்.

"நானும் என் தம்பியும் பச்சைக் கட்டத்துலதான் பேசிக்கிட்டோம்க்கா," என்றாள் இளையவள்.

"என்னடி சொல்ற?"

"நிலத்தகராறுக்கு அப்புறம் பேச்சே இல்ல. ஆனா போன்ல அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்கிற கேம் இருக்குல்ல? எழுத்து சரியா இருந்தா கட்டம் பச்சையாகும். தினம் காலையில முடிச்சுட்டு அந்தக் கட்டத்தை மட்டும் அனுப்புவான். நானும் அனுப்புவேன்."

"அப்புறம்?"

"திடீர்னு நிறுத்திட்டான். தோத்தா அனுப்பமாட்டான், ரோஷக்காரன். அதான் தோத்துட்டான்னு நெனச்சு, நான் ஜெயிச்சதையே தினம் அனுப்பி வெறுப்பேத்தினேன்."

"போன் பண்ணியிருக்கலாமே."

"அவன் எழவுக்குப் போனப்பதான் அவன் பொண்டாட்டி சொன்னா. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தினம் காலையில கண்ணு முழிச்சதும், 'அக்கா அனுப்பிச்சாளா?'ன்னுதான் கேப்பானாம்."