சிவப்பு வராத மூன்று வாரம்

எனக்குத் திரையில் எழுத்து பெரிதாக இருந்தால்தான் கண் வலிக்காது. அதனால் பதிவறைக் கணினிகள் எல்லாவற்றிலும் பதினாறு அளவு வைத்திருந்தேன். அந்த நாற்காலியில் சாயாதீர்கள், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள் அல்லவா, இன்ன நோய், இன்ன மருந்து என்று. டாக்டர்கள் கிறுக்கித் தருவதை அந்தத் தாளாகத் தட்டுவது எங்கள் வேலை. தட்டுவதற்குக் கணினியில் எடிட்டர் என்று ஒரு மென்பொருள். அதில் எல்லார் திரைக்கும் பொதுவான மூல அமைப்பை எழுதியது நான்.

அதில் நிறப் பட்டியல் ஒன்று உண்டு. தாளின் தலையில் 'ஆகாதது' என்று ஒரு மருந்து இருந்தால், கீழே அந்த வகை கடையில் விற்கும் எந்தப் பெயரில் வந்தாலும் சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தால் தாளை நிறுத்தி டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வரி. மருந்துக்கடையில் கேட்டும் காலி டப்பாக்களைப் படித்தும் பதினோரு வருஷமாகச் சேர்த்தது. அதை யாரும் ஒரு நாள் வாய்திறந்து நன்றாயிருக்கிறது என்றதில்லை. எழுத்தின் அளவு மட்டும் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

"இது என்ன தாளா, சுவரொட்டியா?" என்பார் பக்கத்து மேஜைக்காரர், தினமும், புதிதாகச் சொல்வதுபோல.

பிறகு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அவரவர் வசதிப்படி அவரவர் அமைப்பை வைத்துக்கொள்ளலாமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைப் பார்த்து முதலில் சொந்த அமைப்புக் கோப்பு எழுதியவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல பெண். நான் வராமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டாள். ரத்த அழுத்த எண்கள் நீலத்தில் தெரியவேண்டும் என்று மூன்றே வரியில் ஒரு நிறப் பட்டியல் எழுதினாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த எடிட்டரில் ஒருவர் சொந்தப் பட்டியல் எழுதினால் மூலப் பட்டியல் அவர் திரையிலிருந்து மொத்தமாக விலகிவிடும். இரண்டும் சேர்ந்து வேலை செய்ய, 'மூலத்தையும் எடுத்துக்கொள்' என்று உச்சியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அது எங்களில் எனக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, என்னோட மூணு வரியும் கூடச் சேருது, அவ்வளவுதானே? உங்க சிவப்பு அப்படியே இருக்கும்ல?"

"இருக்கும்மா. நீ வேலையைப் பாரு."

ஒரு தப்பு நடந்தால் என் பட்டியலின் அருமை தெரியும் என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், யாருக்காவது கொஞ்சம் அரிப்பு, கொஞ்சம் தடிப்பு. மூன்று வாரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தேன். இரண்டு தாள்களில் சிவப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. அந்த இரண்டு பேரும் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகவே இருந்தார்கள். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு எனக்கு ரவிக்கை தைக்கும் தையல்காரர் வந்தார், காலில் புண்ணுக்காக. முன்பு ஒருமுறை பென்சிலின் கொடுத்துத் தொண்டை அடைத்து, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிழைத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என் பொண்டாட்டிக்கே மறந்துபோச்சு. எனக்கு ஆகாதது உங்களுக்குத்தாம்மா மனப்பாடம்."

"இருக்குங்க, தலையிலேயே போட்டிருக்கு" என்றேன்.

போட்டுத்தான் இருந்தது. கீழே புது டாக்டர் எழுதிய மாத்திரை, பென்சிலின் வகைதான், ஆனால் கடைப்பெயரில். என் பட்டியலில் இருநூற்றேழாவது வரி. ஓரகத்தியின் திரையில் கறுப்பாக இருந்தது.

"பிரிண்ட் குடுக்கட்டுமா அக்கா?"

"குடு."

தாளை நானே எடுத்து, மடித்து, அவர் கையில் கொடுத்தேன். "கால் ஆறட்டும், முதல் தையல் உங்களோடதுதான்" என்றார். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். திரும்பத் தூக்கிக்கொண்டு வரும்போது மூச்சு இல்லை.

ஓரகத்தி விசாரணையில் "அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றாளாம். அக்கா மேல் பழி போடுகிறாள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை என்று கொழுந்தன் வந்து அழுதான். நான் உங்களைக் கூப்பிட்டது அதற்காக இல்லை.

உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று படித்தேன். ஏழாம் பக்கத்தில், 'தட்டியவரின் கவனக்குறைவு. மூல அமைப்பிலும் பிழை இருக்கலாம்' என்று இருக்கிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் என் கணினியைத் திறந்து பாருங்கள். என் சொந்தக் கோப்பில் நானும் நான்கு நிறம் கூடச் சேர்த்திருக்கிறேன், உச்சியில் அந்த ஒரு வரியோடு. எட்டு வருஷமாக வரவேண்டிய சிவப்பு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.