பியர் தெளித்த பெட்டி

மார்லெனி: ...நான் என்னடா சொல்லிட்டுக் கிளம்பினேன்? புது கிராஃபிக்ஸ் கார்டை மாட்டி வைன்னேன். அது ஒண்ணுதானே?

லிம்பர்ட்: மாட்டிட்டேனேக்கா. பாரு, விசிறி சத்தம்கூட இல்ல.

மார்லெனி: விசிறியையா கேட்டேன்? என் விண்டோஸ் எங்க?

லிம்பர்ட்: லினக்ஸ் போட்டிருக்கேன். இதுதான் இப்ப...

மார்லெனி: யாரைக் கேட்டு?

லிம்பர்ட்: பேச விடேன். இது பழைய பெட்டி. விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குது. லினக்ஸ் லேசு. திருட்டு விண்டோஸும் வேண்டாம், வைரஸும்...

மார்லெனி: பாடம் எடுக்காதே. நம்ம துப்பாக்கி கேமைத் திற.

லிம்பர்ட்: முதல்ல இந்த ஸ்கிரீனைப் பாரேன், எவ்வளவு...

மார்லெனி: திறடா!

லிம்பர்ட்: திறக்காது.

மார்லெனி: ஏன்?

லிம்பர்ட்: கள்ளாட்டம் புடிக்க ஒரு காவல் புரோகிராம் அதோடயே வருதில்ல... அது லினக்ஸ்ல ஓடாது. அது ஓடலேன்னா கேம் உள்ளயே விடாது.

மார்லெனி: தெரிஞ்சேதான் போட்டியா? சாயங்காலம் சாந்தா குரூஸ்காரனுங்களோட ஃபைனல். ஏற்கெனவே நம்மள மலைக்காட்டானுங்கன்னு சிரிக்கிறானுங்க. ஜெயிச்சா டீமே லிமாவுக்கு, சர்வதேசப் போட்டிக்குப் போகுது. பார்மசி வேலையை நான் விட்டதே இதுக்காகத்தான்!

லிம்பர்ட்: நானும் அதே டீம்தான்.

மார்லெனி: அடடா, ஞாபகம் இருக்கா? இப்பவே திரும்ப விண்டோஸ் போடு.

லிம்பர்ட்: முடியாது. பழைய டிஸ்க் செத்துப்போச்சு.

மார்லெனி: நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே இருந்துச்சு?

லிம்பர்ட்: காலைல அம்மா ச்சல்லா பண்ணினாங்கல்ல... புதுச் சாமான் வந்தா பூமித்தாய்க்கு பியர் தெளிக்காம தொட விடுவாங்களா? அந்த பியர் பெட்டிக்குள்ள இறங்கிடுச்சு.

மார்லெனி: அம்மா மேலயா பழி போடற?

லிம்பர்ட்: பழி இல்லக்கா, நடந்தது...

மார்லெனி: பக்கத்துல நின்னது நான்டா! அம்மா தெளிச்சது தரையில, மேசைக்கு நாலு மூலையிலயும். பெட்டி மேல கலர் காகிதத்தைத்தான் தூவினாங்க.

லிம்பர்ட்: ஒரு சொட்டு தெறிச்சா போதுமே.

மார்லெனி: கார்னிவலப்ப உன் பைக் மேல ஒரு பாட்டிலையே கவுத்தாங்க. அது இன்னும் ஓடுது. எங்க அந்த டிஸ்க்? கொடு, மோந்து பாக்கறேன்.

லிம்பர்ட்: மோந்து பாக்கறியா? நீ என்ன போலீஸ் நாயா?

மார்லெனி: கொடுடா.

லிம்பர்ட்: குப்பையில போட்டுட்டேன்.

மார்லெனி: அப்ப உன் ஜாக்கெட் பையில துருத்திக்கிட்டு இருக்கறது என்ன?

லிம்பர்ட்: ஏய்... கையை எடு! அக்கா!

மார்லெனி: வாடையே இல்ல. காஞ்சு கிடக்கு. வேணும்னே கழட்டியிருக்க. டேய்... எவனாவது உன்னை விலை பேசிட்டானா?

லிம்பர்ட்: வாயைக் கழுவு! டீமை விக்கறவனா நான்?

மார்லெனி: பின்ன எதுக்குடா கழட்டினே?

லிம்பர்ட்: எதுக்கா? கார்டுக்கு டிரைவர் போடறப்ப பாத்தேன். கடிகாரம்னு பேர் வெச்சு ஒளிச்சு வெச்சிருக்கியே, அந்தக் கருமத்தை.

மார்லெனி: அதைத் திறந்தியா?

லிம்பர்ட்: போட்டுப் பாத்தேன். மவுஸைத் தொட்டா போதும், குறி தானா போய் எதிராளி தலையில ஒட்டுது. இப்பக் கத்து. இவ்வளவு நேரம் கத்தினியே!

மார்லெனி: மெதுவா பேசு. அம்மா சமையல்கட்டுல இருக்காங்க.

லிம்பர்ட்: கேட்கட்டும்! பொண்ணுக்கு தினம் சில்பாஞ்சோ கறி பொரிச்சுப் போடறாங்களே, எதுக்காகன்னு தெரியட்டும்!

மார்லெனி: லிம்பர்ட், ப்ளீஸ்...

லிம்பர்ட்: ஃபைனலை நடுவருங்க ஒவ்வொரு அசைவா நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. நீ ஒருத்தி மாட்டினா எல்லார் பேரும் நாறிடும். கேட்டா ஒத்துக்குவியா? மாட்டே. அதான் டிஸ்க்கைக் கழட்டி வேற ஒண்ணுல லினக்ஸ் போட்டேன். அந்தக் கருமமும் ஓடாது, கேமும் ஓடாது. பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லி கௌரவமா விலகிக்கோன்னுதான்.

மார்லெனி: கௌரவம்! பெரிய மனுஷன் வந்துட்டாரு. அந்தப் பக்கம் விளையாடறவனெல்லாம் யோக்கியனா?

லிம்பர்ட்: அவன் எப்படியோ போகட்டும். நான் யோக்கியன். ஒரூரோ டீமோட ஆட்டத்துல என்ன பண்ணினேன்? கடைசியில தனியா மாட்டிக்கிட்டு மூணு பேரைச் சாய்ச்சேன். என் கண்ணு, என் கை. இன்னிக்கும் கான்ச்சா சந்தைக்குள்ள போனா பசங்க தோள்ல தட்டறாங்க. அப்படி ஒரு நாள் உனக்கும் வேணும்னா உக்காந்து பழகு. இந்தக் குறுக்கு வழி எதுக்கு?

மார்லெனி: வேண்டாம்டா. அந்த ஆட்டத்தை இழுக்காதே.

லிம்பர்ட்: ஏன், குத்துதா?

மார்லெனி: விடுன்னா விடு.

லிம்பர்ட்: பொறாமை! தம்பி நேர்மையா ஜெயிச்சிட்டான்னு...

மார்லெனி: எந்தப் பெட்டியிலடா ஜெயிச்சே? உன்னோடது ரிப்பேர்னு, நான் பார்மசிக்குப் போன அன்னிக்கு என்னோடதுலதானே உக்காந்தே? அடுத்த ஆட்டமும் சொதப்பினா டீமை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு ராத்திரி முழுக்க அழுதியே... உனக்கே தெரியாத அளவுக்கு லேசா வெச்சு, அந்தக் 'கடிகாரத்தை' முதல்ல போட்டது உனக்காகத்தான்.